காற்றைக் கணக்கிட்டு ஆண்ட கதை

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது நம் உழவர் பெருமக்கள் வழங்கிய பழமொழி. களத்து மேட்டில் முறம் ஏந்தி நின்று, நெல்லையும் பதரையும் பிரிக்கக் காற்றை எதிர்நோக்கியிருந்தவன் சொன்ன சொல் இது. அவன் அறிந்த உண்மைகள் இரண்டு. காற்று நம் விருப்பப்படி வருவதன்று என்பது ஒன்று. வந்த காற்று மெலிந்தால் பதர் பிரியாது, மிகுந்தால் நெல்லும் பதரோடு பறந்துபோகும் என்பது மற்றொன்று. ஆகவே, அவன் காற்றின் போக்குக்கு ஏற்ப முறத்தை உயர்த்துவான், தாழ்த்துவான். நெல்லை ஒருகால் விரைந்து விடுவான், ஒருகால் மெல்ல விடுவான். படிப்பு வாசனை அறியாத அக்குடியானவன் கையில் இருந்த அந்தக் கலையே இன்று உலகத்தில் ஒரு பெரிய சாஸ்திரமாக வளர்ந்திருக்கிறது.

ஊர் மின்கம்பி எட்டாத தீவிலும், மலைச்சாரலிலும், வெட்டவெளியிலும் தனித்து நின்று காற்றிலிருந்து மின்சாரம் எடுத்துத் தரும் பொறிகள் பல நாடுகளில் இருக்கின்றன. கணந்தோறும் மாறும் காற்றுக்கு ஏற்ப அவை தம் வேகத்தையும் சுமையையும் தாமே மாற்றிக்கொள்கின்றன. கொள்ளத்தக்க சக்தியை முடிந்தவரை கொள்கின்றன. தாங்க முடியாத காற்று வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. இவ்வறிவு ஒரே நாளில் ஒரு மேதையின் தலையில் உதித்ததன்று. கொல்லரும், ஆலைத் தச்சரும், பள்ளி ஆசிரியரும், பண்ணைக்காரர் மக்களும், ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்கி, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளில் ஆக்கியது. என்ஜின் அறையில் யந்திரம் ஓடுமட்டும் லயத்தில் வெளிச்சம், அது நின்றதும் இருள் என்ற நிலையைக் கண்ட தோட்டத்து முதியோருக்கு, தன் ஊருக்கு வேண்டிய சக்தியைத் தன் ஊரிலேயே ஆக்கி ஆள்வதன் அருமை சொல்லாமலே விளங்கும். அவ்வருமையை அடைய மனிதன் பட்ட பாட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

காற்றுக்கு ஏவல் செய்த காலம்

காற்றினால் மாவரைக்கும் வழக்கம் பாரசீகத்தின் கிழக்குப் பகுதியாகிய சீஸ்தானில் இருந்ததை 10-ஆம் நூற்றாண்டின் அரபு பூகோள ஆசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். ஐரோப்பாவில் வேறு வகையான காற்றாலை 12-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. நெடிய மரச் சிறகுகள் நான்கு, அவற்றின்மேல் விரித்த பாய்த்துணி, உள்ளே பல் சக்கரம், அதனடியில் திரிகைக்கல். இதுவே அதன் அமைப்பு.

அக்காலத்து ஆலைக்காரனை ஆலையின் எஜமான் என்பதைவிடக் காற்றின் ஏவலாள் என்பதே பொருந்தும். காற்றின் திசை மாறினால், பின்புறம் நீண்டிருக்கும் பெருங்கழியைத் தோளால் உந்தி ஆலை முழுவதையும் திருப்பவேண்டும். காற்று வலுத்தால் சிறகுகளை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஏறித் துணியைச் சுருட்டவேண்டும். தணிந்தால் மறுபடியும் ஏறி விரிக்கவேண்டும். நடு இரவில் புயல் எழுந்தால் அவன் கதி என்ன? சிறகு கட்டுமீறிச் சுழலும். மரத்தாலான தடைக்கட்டையை அழுத்தினால் உராய்வினால் தீப்பற்றும். இவ்வாறு வெந்து சாம்பலான ஆலைகள் பல. காற்றிலிருந்து சக்தி எடுப்பதில் முதல் இடையூறு சக்திக் குறைவன்று. மிகுதியாக வரும்போது அதை மறுக்க வழியில்லாமையே என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்துவது நலம்.

கொல்லர் கையில் பிறந்த விசிறி

இந்நிலையை மாற்றியவர்களுள் முதல்வர் எட்மண்டு லீ என்பவர். இவர் இங்கிலாந்தில் விகன் நகருக்கு அருகில் இருந்த ஒரு கொல்லர். 1745-இல் இவர் பதிவு செய்த உரிமையில், பெருஞ்சிறகுகளுக்குப் பின்புறம், அவற்றுக்குக் குறுக்கே நிற்கும்படி ஒரு சிறு விசிறிச் சக்கரத்தை அமைத்தார். காற்று நேர்முகமாக வரும்வரை விசிறியின் விளிம்பில் மட்டுமே படும், விசிறி அசையாது. காற்று சிறிது பக்கம் சாய்ந்தாலோ, அது விசிறியின்மேல் பாய்ந்து அதைச் சுழற்றும். அச்சுழற்சி பல் சக்கரங்களின் வழியே ஆலையின் தலையைத் திருப்பும். சிறகுகள் மீண்டும் காற்றுக்கு நேரே நின்றதும் விசிறி தானே நின்றுவிடும்.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். பிழை ஏற்பட்டால் மட்டுமே வேலை. பிழை தீர்ந்தவுடன் ஓய்வு. தன் பிழையைத் தானே அறிந்து திருத்திக்கொள்ளும் யந்திரம் என்று இன்று பொறியியலார் போற்றுவது எதுவோ, அதன் பழைய மாதிரிகளுள் ஒன்று ஒரு கொல்லுலைக்காரரின் கையில் பிறந்தது.

திசையின் கவலை தீர்ந்தது. வேகத்தின் கவலை எஞ்சியது. ஸ்காட்லாந்தின் ஆலைத் தச்சரான ஆண்ட்ரூ மீக்கிள் 1772-இல் துணிக்குப் பதிலாகச் சன்னல் பலகைகள்போன்ற சிறு பலகைகளைச் சிறகில் பதித்து, அவற்றை வில்லோடு பிணைத்தார். காற்று மிஞ்சினால் வில் இணங்கும். பலகைகள் திறந்து காற்றை ஊடே விட்டுவிடும். 1787-இல் தாமஸ் மீட் என்பவர், சுழலும் தண்டில் இரண்டு குண்டுகளைத் தொங்கவிட்டு, வேகம் மிகும்போது அவை விலகி உயர்வதைக் கொண்டு ஆலையை ஆளும் முறைக்கு உரிமை பெற்றார். அடுத்த ஆண்டிலேயே ஜேம்ஸ் வாட் அத்தகைய குண்டுக் கருவியைத் தம் நீராவி யந்திரத்தில் பொருத்தினார். நீராவி யந்திரத்தின் சின்னமென்று பாடப்புத்தகங்களில் நாம் காணும் அக்கருவி காற்றாலையிலிருந்து சென்ற சீதனம் என்பது பலர் அறியாதது. 1807-இல் வில்லியம் கியூபிட், எல்லாச் சிறகுகளின் பலகைகளையும் ஒரே கோலால் இணைத்து, கீழே ஒரு பாரத்தைத் தொங்கவிட்டு, ஆலையை நிறுத்தாமலே அவற்றைத் திறக்கவும் மூடவும் வழி செய்தார். ஆலைக்காரன் சிறகில் ஏறும் அவலம் அன்றோடு ஒழிந்தது.

ஸ்மீட்டன் கண்ட விதி

தச்சரும் கொல்லரும் மறுக்கும் வழியைக் கண்டுகொண்டிருந்தபோதே, மற்றொருவர் கொள்ளும் வழியைத் தேடினார். அவர் ஜான் ஸ்மீட்டன் என்னும் பொறியியல் அறிஞர். காற்றையும் நீரையும் கொண்டு ஆலை ஓட்டுவதைப்பற்றி அவர் செய்த ஆராய்ச்சி 1759-இல் லண்டன் ராயல் சங்கத்தில் படிக்கப்பட்டது. சங்கம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துப் பாராட்டியது.

காற்று வரும்வரை காத்திருந்தால் ஆராய்ச்சி நடவாது என்று கண்ட ஸ்மீட்டன், வீட்டுக்குள்ளேயே ஒரு நீண்ட கையின் நுனியில் சிறு சிறகுகளை அமைத்து, அக்கையைக் கயிற்றால் சுழற்றினார். நின்ற காற்றில் சிறகு சென்றால் என்ன, நின்ற சிறகின்மேல் காற்று சென்றால் என்ன? இரண்டும் ஒன்றே. சிறகு சுழன்று ஒரு பாரத்தைத் தூக்குமாறு வைத்து, பாரத்தைக் கூட்டியும் குறைத்தும் எவ்வளவு வேலை நடக்கிறதென்று அளந்தார்.

அவர் கண்டது இது. பாரமே இல்லாவிடில் சிறகு தலைதெறிக்கச் சுழலும். ஆனால் வேலை ஒன்றும் இல்லை. பாரம் அளவு மீறினால் சிறகு நின்றுவிடும். அப்போதும் வேலை இல்லை. இரண்டுக்கும் இடையில் ஓர் அளவில்தான் வேலை உச்சத்தை அடைகிறது. அவ்வுச்சத்தில் சிறகின் வேகம் காற்றின் வேகத்தோடு ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நிற்கிறது. சுமக்கத்தக்க பாரம் காற்று வேகத்தின் இருமடிப் பெருக்கத்தையும், கிடைக்கும் வேலை அதன் மும்மடிப் பெருக்கத்தையும் ஏறக்குறையப் பின்பற்றுகின்றன.

இம்மூன்று வாக்கியங்களையும் வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். 1759-இல் கயிற்றையும் கல்லையும் கொண்டு காணப்பட்ட இவ்விதியே, இக்காலத்துக் காற்றுப்பொறியின் உள்ளே நகத்தளவு கணிப்பொறியில் குடியிருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மும்மடி என்பதன் பொருளை ஒரு கணக்கால் தெளிவோம். 3 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறகுச் சக்கரம் ஏறக்குறைய 7 சதுர மீட்டர் பரப்பைத் துழாவுகிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால், அப்பரப்பின் வழியே ஓடும் சக்தி சுமார் 540 வாட். வேகம் இருமடங்காகி 10 மீட்டர் ஆனால், சக்தி இருமடங்காவதில்லை. எட்டு மடங்காகி 4,300 வாட்டைத் தாண்டுகிறது. பாதியாகி 2.5 மீட்டர் ஆனாலோ, எட்டில் ஒன்றாகச் சுருங்கி 68 வாட்டுக்கு வந்துவிடுகிறது. காற்று சிறிது அசைந்தால் வரவு பெரிதும் அசையும். இச்சக்தி முழுவதையும் பிடிக்கவும் முடியாது. முழுவதையும் பிடித்தால் காற்று சிறகின் பின்னே தேங்கி நின்றுவிடும். பின்வரும் காற்றுக்கு வழியிராது. எந்தச் சிறகும் 27-இல் 16 பங்குக்கு மேல், அதாவது நூற்றுக்கு 59.3-க்கு மேல் எடுக்க இயலாதென்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் நிறுவினார். ஆகவே காற்றுப்பொறியாளன் வேலையெல்லாம், அந்த எல்லைக்கு எவ்வளவு அருகே செல்லலாம், அங்கே எவ்வளவு நேரம் நிலைக்கலாம் என்பதே.

காற்றும் மின்சாரமும் கூடின

டைனமோ என்னும் மின்னாக்கி பழக்கத்துக்கு வந்தபின், அதைக் காற்றால் சுழற்றும் எண்ணம் எழுந்தது. கிளாஸ்கோவில் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் பிளைத், ஸ்காட்லாந்தின் மேரிகர்க் கிராமத்தில் தம் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் 1887 ஜூலையில் துணிச் சிறகுள்ள ஒரு காற்றுப்பொறியை நிறுவிப் பாட்டரிகளில் மின்சாரத்தைச் சேமித்து வீட்டுக்கு விளக்கேற்றினார். மிஞ்சிய மின்சாரத்தைக் கிராமத்துத் தெருவுக்கு அளிக்க முன்வந்தபோது, ஊரார் அதைச் சாத்தானின் வேலை என்று சொல்லி மறுத்துவிட்டனர். வெள்ளையர் நாட்டிலும் புதுமைக்கு அஞ்சும் இருள் இருந்தது என்பதற்கு இது சான்று. இலவசமாக வந்த ஒளியை அச்சம் தெருவோடு திருப்பி அனுப்பியது.

அடுத்து, அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் சார்லஸ் பிரஷ் 1888-இல் தம் மாளிகைக்குப் பின்னால் ஒரு பெரும்பொறியை எழுப்பினார். அதன் சக்கரம் 17 மீட்டர் குறுக்களவும் 144 மரச் சிறகுகளும் உடையது. அது தந்த மின்சாரம் 12 கிலோவாட். சேமிக்க 408 பாட்டரி அறைகள். வேகம் போதிய அளவு வந்தால் பாட்டரியோடு இணைவதும், வேகம் தணிந்தால் விலகுவதும், மின் அழுத்தம் எல்லை மீறாமல் காப்பதும் எல்லாம் தாமே நடக்கும்படி செய்திருந்தார். 20 ஆண்டுக்காலம் அது அவருக்கு உழைத்தது. ஆயினும் அத்தனை பெரிய சக்கரத்துக்கு 12 கிலோவாட் மிகவும் சொற்பம். சிறகுகள் பலவாகி மெல்லச் சுழன்றதே காரணம். மறுக்கவும் காக்கவும் பிரஷ் அறிந்தார். நிறையக் கொள்ளும் வழியை வேறொருவர் காணவேண்டியிருந்தது.

ஆஸ்கோவ் ஆசிரியர்

டென்மார்க் தேசத்தில் ஆஸ்கோவ் என்பது ஒரு சிற்றூர். நாட்டுப்புறத்து இளைஞருக்குக் கல்வி தரும் மக்கள் உயர்பள்ளி ஒன்று அங்கிருந்தது. அதில் விஞ்ஞானம் போதித்தவர் பவுல் லா கூர் (1846–1908). மின்சாரம் நகரத்துச் செல்வர்க்கே உரியதானால், நாட்டுப்புறம் இருளில் நின்று, இளைஞரெல்லாம் நகரத்துக்கு ஓடிவிடுவர் என்று அவர் கவலையுற்றார். நிலக்கரி வளமில்லாத அந்நாட்டில் குறைவின்றி இருந்தது காற்று. ஆகவே அரசாங்கத்தின் பொருளுதவியோடு 1891-இல் அவர் தம் முதற் சோதனை ஆலையை நிறுவினார்.

முதல் இடையூறு, காற்றின் தள்ளாட்டத்தால் டைனமோவின் வேகம் ஏறி இறங்கியது. அதற்கு அவர் "கிராட்டோஸ்டாட்" என்னும் கருவியைச் செய்தார். ஆலை எவ்வளவு முரட்டுத்தனமாய்ச் சுழன்றாலும், குறித்த அளவு விசையை மட்டுமே டைனமோவுக்கு விட்டுக்கொடுப்பது அதன் தொழில். இரண்டாவது இடையூறு, காற்றில்லாத நாளுக்குச் சேமிப்பு. மின்சாரத்தால் நீரைப் பிரித்து, ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்து வைத்து, 1895 முதல் 1902 வரை பள்ளிக்கூட விளக்குகளை அதனால் எரித்தார். வாயுவில் சிறிது ஆக்சிஜன் கலந்துவிட்டபோது வெடித்துக் கட்டடத்தின் கண்ணாடிச் சன்னல்கள் நொறுங்கின; மாற்றிவிட்டு மேலே நடந்தார். மூன்றாவதாக, காற்றுக் குழாய் அமைத்துச் சிறகுகளைச் சோதித்து, பல சிறகுகள் மெல்லச் சுழல்வதைவிடச் சில சிறகுகள் விரைந்து சுழல்வதே மின்சாரத்துக்கு மேலானது என்று கண்டார்.

எனினும் அவர் செய்த மிகப் பெரிய காரியம் யந்திரம் அன்று என்பதே எம் கருத்து. 1903-இல் டென்மார்க் காற்று மின்சாரச் சங்கத்தை அமைக்கத் துணைநின்று, கிராமத்துப் பிள்ளைகளைத் திரட்டி, ஆலை நிறுவவும் கம்பி இழுக்கவும் பாட்டரி காக்கவும் பயிற்றினார். அவர் மறைந்து பத்தாண்டு கழிந்தபின், 1918 அளவில், அந்நாட்டின் கிராம மின்நிலையங்களில் ஏறக்குறைய 120 காற்றைப் பயன்படுத்தின. யந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அது பழுதானவுடன் நின்றிருக்கும். அறிவைக் கொடுத்துச் சென்றதால் நிலைத்தது.

பண்ணை வீட்டுப் பிள்ளைகள்

அமெரிக்கச் சமவெளிகளில் கிணற்று நீர் இறைக்கக் காற்றுப்பொறிகள் வழக்கத்தில் இருந்தன. 1854-இல் டேனியல் ஹாலடே தானே தன்னை ஆளும் பொறி ஒன்றை ஆக்கினார். 1867-இல் லெனார்ட் வீலர் என்னும் பாதிரியார் மற்றொரு எளிய வழியைக் கண்டார். காற்று மிஞ்சினால் சக்கரம் பக்கவாட்டில் திரும்பி, தன் விளிம்பை மட்டும் காற்றுக்குக் காட்டி நிற்கும். தணிந்தால் பாரத்தின் இழுப்பால் மீண்டும் நேர்முகம் ஆகும். இன்றைய சிறு காற்றுப்பொறிகள் பலவற்றில் வால் மடங்கி முகம் திரும்பும் அமைப்பு இதன் வழித்தோன்றலே.

20-ஆம் நூற்றாண்டின் இருபதுகளில், மான்டானாவின் தொலைதூரப் பண்ணையொன்றில் மார்செல்லஸ் ஜேக்கப்ஸ், ஜோ ஜேக்கப்ஸ் என்னும் சகோதரர் இருவர், நீர் இறைக்கும் சக்கரம் மின்சாரத்துக்கு உதவாதென்று கண்டு, விமானத்து விசிறியைப்போன்ற மூன்று சிறகுகளை அமைத்தனர். வேகம் மிஞ்சினால் விலகும் எடைகள் சிறகுகளின் கோணத்தைத் தாமே மாற்றின. அன்றியும், காற்றின் சக்தி மும்மடியாய் ஏறும்போது டைனமோ ஏற்கும் சுமையும் அதைப் பின்தொடர்ந்து ஏறும்படி டைனமோவையே அமைப்பதில் கவனம் செலுத்தினர். ஸ்மீட்டனின் விதி இரும்பிலும் செம்பிலும் புகுந்தது இவ்வாறு. மின்னியேபோலிஸ் நகரத்தில் தொழிற்சாலை வைத்துப் பல்லாயிரம் பொறிகளை இவர்கள் விற்றனர். பண்ணை வீடுகளில் வானொலிக்குப் பாட்டரி ஏற்றும் சிறு காற்றுப்பொறிகளும் முப்பதுகளில் மிகுதியாய்ப் பரவின.

பின்னர் 1935-இல் அமெரிக்க அரசாங்கம் கிராம மின்சார இலாகாவை ஏற்படுத்திப் பண்ணைதோறும் கம்பி இழுத்தது. தனித்த காற்றுப்பொறியின் தேவை குன்றியது. ஜேக்கப்ஸ் தொழிற்சாலையும் ஐம்பதுகளில் ஓய்ந்தது. 1973-இல் எண்ணெய் விலை மும்மடங்குக்கு மேல் ஏறியபோதுதான் உலகம் மறந்த கலையை மறுபடியும் நினைத்தது.

பாட்டரியின் பிடி

எழுபதுகளுக்குப்பின் இத்துறைக்கு வந்தவர்கள் ஒரு பழைய தடையை எதிர்நோக்கினர். தனித்தியங்கும் பொறியில் டைனமோ நேரே பாட்டரியோடு இணைக்கப்படுகிறது. டைனமோவின் மின் அழுத்தம் அதன் வேகத்தைப் பொறுத்தது. பாட்டரியின் அழுத்தமோ ஏறக்குறைய மாறாதது. ஆகவே பாட்டரி, கட்டுத்தறியில் கட்டிய கயிறுபோல, டைனமோவை ஒரே வேகத்துக்கு அருகில் பிடித்து வைக்கிறது. மெல்லிய காற்றில் அவ்வேகத்தை எட்டும்வரை ஒரு துளி மின்சாரமும் இல்லை. வலுத்த காற்றில் சிறகு விரைந்து சுழலவேண்டிய நேரத்தில் பாட்டரி அதை இழுத்துப் பிடிக்கிறது. சிறகின்மேல் காற்று ஒழுங்காய்ப் படியாமல் சிதறிப் போகிறது. இடையில் ஏதோ ஒரு காற்று வேகத்தில் மட்டுமே பொறி தன் முழுத் திறனைக் காட்டும்.

முன்கண்ட 3 மீட்டர்ச் சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். சிறகின் நுனி காற்றைப்போல் ஏழு மடங்கு வேகத்தில் செல்லும்போது அது சிறப்பாக உழைக்கிறதென்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர்க் காற்றில் நிமிஷத்துக்குச் சுமார் 223 சுற்றும், 10 மீட்டர்க் காற்றில் சுமார் 446 சுற்றும் சுழலவேண்டும். ஒரே வேகத்தில் கட்டிவைத்தால் இரண்டில் ஒன்று கெடும் என்பது கண்கூடு.

இக்கட்டை அவிழ்த்தது, எண்பதுகளிலிருந்து மலிவாகிவந்த மின்னணுச் சுவிட்சுகளால் ஆன மாற்றுக் கருவி. அது டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவே தரகர்போல் நின்று, டைனமோவிடமிருந்து எந்த அழுத்தத்திலும் வாங்கி, பாட்டரிக்கு வேண்டிய அழுத்தத்தில் கொடுக்கிறது. சைக்கிளில் மேட்டுக்கு ஒரு பல் சக்கரமும் சமவெளிக்கு ஒரு பல் சக்கரமும் மாற்றுவதுபோன்றது இது. சிறகின் சுமையைக் கூட்டவும் குறைக்கவும் இப்போது மனிதனுக்கு ஒரு பிடி கிடைத்தது. அந்தப் பிடியை எப்போது எவ்வளவு திருப்புவது என்பதே எஞ்சிய கேள்வி.

உச்சத்தைத் தேடும் மூன்று வழிகள்

முதல் வழி, காற்றை அளந்து நடப்பது. காற்றுமானி ஒன்று வேகத்தைச் சொல்லும். அதற்குத் தக்க சிறகு வேகத்தைக் கணித்துச் சுமையை மாற்றவேண்டும். கேட்பதற்கு இதுவே நேர்வழி. ஆனால் மானி ஓரிடத்துக் காற்றை அளக்கிறது. சக்கரமோ பரந்த வெளியின் காற்றைப் பெறுகிறது. மேலும் மானி பழுதானால் பொறியின் கண்ணே போய்விடும். சிறு பொறிக்கு அது வீண் செலவுமாகும்.

இரண்டாம் வழி, காற்றைப் பாராமல் சிறகையே பார்ப்பது. சிறந்த நிலையில் சிறகு வேகம் காற்று வேகத்தோடு ஒரே விகிதத்தில் நிற்கும் என்றார் ஸ்மீட்டன். சுமை இருமடியாய் ஏறும் என்றார். அப்படியானால் சிறகு எவ்வேகத்தில் சுழல்கிறதோ, அவ்வேகத்தின் இருமடிக்கு ஏற்ற சுமையை ஏற்றினால் போதுமன்றோ? சிறகு வேண்டியதைவிட விரைந்தால் சுமை கனத்து அதைத் தணிக்கும். மெலிந்தால் சுமை இலேசாகி அதை விரைய விடும். இவ்வாறு பொறி தானே உச்சத்தில் வந்து அமர்கிறது. லீயின் விசிறி திசைக்குச் செய்ததை இது வேகத்துக்குச் செய்கிறது. ஆனால் இதற்கு அந்தச் சிறகின் குணத்தை முன்னமே அளந்து ஓர் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். நாளடைவில் சிறகில் அழுக்குப் படியும், விளிம்பு தேயும், எண் பொய்த்துப்போகும்.

மூன்றாம் வழி, ஒன்றையும் முன்னமே அறியாமல் தேடிக்கொண்டே போவது. கண்ணைக் கட்டிக்கொண்டு மலையேறுபவன் என்ன செய்வான்? ஓரடி வைப்பான், மேடானால் அதே பக்கம் மற்றோரடி, பள்ளமானால் திரும்பி எதிர்ப்பக்கம் ஓரடி. கணிப்பொறியும் சுமையைச் சிறிது மாற்றி, மின்சாரம் கூடியதா குறைந்ததா என்று பார்க்கிறது. கூடினால் தொடர்கிறது, குறைந்தால் திரும்புகிறது. சிறகு தேய்ந்தாலும், காற்றின் அடர்த்தி மாறினாலும், இதற்குக் கவலையில்லை. ஆயினும் இதற்கும் ஒரு குறை உண்டு. ஓரடி வைத்த நேரத்தில் காற்றே வலுத்துவிட்டால், அந்த லாபம் தன் அடியால் வந்ததென்று நம்பித் தவறான பக்கம் நடந்துவிடும். அன்றியும் கனத்த சக்கரம் உடனே வேகம் மாறாது. அடியின் பலன் தெரியும் முன்னே அடுத்த அடியை வைத்தால் தடுமாற்றமே மிஞ்சும். ஆகவே பொறியியலார் இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் கூட்டி, குறித்த எண்ணைக் கொண்டு விரைந்து உச்சத்தின் அருகே சென்று, பின் சிற்றடிகளால் தேடி, எண்ணையும் திருத்திக்கொள்ளும் முறைகளை வகுத்திருக்கின்றனர். பழைய அறிவை வைத்து நடந்து, புதிய அனுபவத்தால் அதைத் திருத்துவது என்பது யந்திரத்துக்கு மட்டும் உரிய நீதியன்று.

கொள்வதும் விடுவதும்

இத்தனையும் அறிந்தபின் ஒன்று எஞ்சுகிறது. பாட்டரி நிறைந்துவிட்டால் என் செய்வது? பெருநகரத்து மின்வலையோடு இணைந்த பொறி மிஞ்சியதை வலைக்குள் தள்ளிவிடும். தனித்து நிற்பதற்கு அவ்வசதி இல்லை. சுமையைச் சட்டென்று கழற்றினாலோ, பாரமற்ற சிறகு தலைதெறிக்கச் சுழன்று தன்னையே உடைத்துக்கொள்ளும். ஆகவே மிஞ்சியதை நீர் காய்ச்சும் கம்பிச்சுருளில் விட்டு வெப்பமாக்கிச் சுமையைக் காக்கின்றனர். அதுவும் போதாதபோது சிறகின் கோணத்தை மாற்றியோ முகத்தைத் திருப்பியோ காற்றை மறுக்கின்றனர். கொள்ளும் அறிவும் மறுக்கும் அறிவும் ஒருங்கே அமைந்தாலன்றித் தனித்த பொறிக்கு வாழ்வில்லை. 18-ஆம் நூற்றாண்டின் ஆலைக்காரன் கேட்ட கேள்விக்கும் இன்றைய கணிப்பொறி கேட்கும் கேள்விக்கும் வேறுபாடு சிறிது.

நாம் கொள்ளவேண்டுவது

மலாய் நாட்டில் இக்கலைக்கு இடமுண்டா என்று கேட்கலாம். உண்மையை மறைப்பதற்கில்லை. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள இந்நாட்டில் பெரும்பாலான இடங்களில் காற்று மெலிவு. கிழக்குக் கரையிலும் தீவுகளிலும் வடகிழக்குப் பருவத்தில்தான் வலுவாக வீசுகிறது. 2007-இல் சிறிய பெர்ஹெந்தியான் தீவில் தலா 100 கிலோவாட் திறனுள்ள இரண்டு காற்றுப்பொறிகளைச் சூரியப் பலகைகளோடும் டீசல் என்ஜினோடும் சேர்த்து அமைத்துப் பார்த்தனர். காற்று குறைந்த நாட்டுக்குக் கலை தேவையில்லை என்று எண்ணுவது தவறு. வரவு சுருங்கியவனுக்கே கணக்கு அதிகம் தேவை. எட்டில் ஒரு பங்காய்ச் சுருங்கிய காற்றில், கிடைக்கும் ஒவ்வொரு வாட்டையும் சிந்தாமல் கொள்ளும் முறை இங்கேதான் மிகவும் வேண்டற்பாலது. சூரியப் பலகையிலிருந்து முழுச் சக்தியை எடுக்கும் கருவியும் இதே மலையேறும் முறையில்தான் நடக்கிறது என்பதையும் அறியவேண்டும். ஒன்றைக் கற்றவன் இரண்டையும் கற்றவனாவான்.

இவ்வரலாற்றில் வந்தவர்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் கொல்லர், ஒருவர் ஆலைத் தச்சர், ஒருவர் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர், இருவர் கம்பி எட்டாத பண்ணையின் பிள்ளைகள். எவரும் தமக்கு இது எட்டாதென்று ஒதுங்கவில்லை. மேரிகர்க் கிராமத்தார் விளக்கைக் கண்டு அஞ்சினர். ஆஸ்கோவ் கிராமத்தார் விளக்கு எப்படி எரிகிறதென்று கற்றனர். முன்னவர் தெரு இருண்டே கிடந்தது. பின்னவர் ஊர் தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொண்டது. இரண்டு ஊரிலும் வீசியது ஒரே காற்றுதான்.

நம் பெற்றோர்கள் பிள்ளைகளை எழுத்து வேலைக்கு மட்டும் அனுப்பி மகிழாமல், தொழிற்பள்ளிகளில் மின்சாரமும் யந்திரமும் கற்கவும் துணை நிற்கவேண்டும். தோட்டத்தில் பிறந்தவன் யந்திரத்துக்கு எண்ணெய் விடத்தான் உரியவன், அதை ஆக்கவும் ஆளவும் வேறொருவன் வரவேண்டும் என்ற நினைப்பு ஒழியவேண்டும். காற்று எல்லார்க்கும் பொது. அதைத் தூற்றிக்கொள்ளும் அறிவும் எல்லார்க்கும் பொதுவாக வேண்டும்.